ஏசியில் வேலை

நதியா சென்னையில் ஏசியில் வேலை செய்கிறாள் என்பது மேல்கொல்லையில் எல்லோருக்கும் தெரியும். ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் பஸ் கடைசியாக நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வருகிற ஊர் அது. மொத்தம் நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் சுந்தரம்மாள் தன் மகளைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள்.

"எம் பொண்ணுக்கு ஏசி ரூம்ல வேல. மேல வெயிலே படாது. காலைல போனா சாயங்காலம் வரிக்கும் சிலுசிலுன்னு ஒக்காந்துகினு இருப்பா."

நதியா அப்படிச் சொன்னதே இல்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்த அன்று போனில் "ஏசி வேலம்மா" என்றாள். ரூமை அதில் சேர்த்தது சுந்தரம்மாள். மகளும் திருத்தவில்லை. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அப்பா சக்கரவர்த்திக்கும் அந்த ரூம் மேல் நம்பிக்கை உண்டு. இரண்டு ஏக்கரில் சாமை, பதினோரு புளியமரம், ஆறு ஆடு, இதுதான் அவருடைய சொத்து. புளி உலுக்கி முடிந்ததும் ஒடுகத்தூர் சந்தைக்கு மூட்டை கொண்டுபோவார். அங்கே மண்டிக்காரருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் "இன்னா சக்கரவர்த்தி, கொட்ட ஜாஸ்தியா கீது, இன்னா புளி கொண்டாந்துகிற நீ" என்றுதான் பேசுவார். கீழே இருப்பவர்கள் மலைக்காரர்களை வயது பார்க்காமல் நீ, வா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தோரு வயதில் சக்கரவர்த்திக்கு அது பழகிவிட்டது. போன வருடம் மண்டியில் நின்றபடி, "எம் பொண்ணு மெட்ராஸ்ல ஏசி ரூம்ல வேல செய்துங்க" என்று அவர் சொன்னபோது மண்டிக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே வீடு வரும் வரைக்கும் சக்கரவர்த்தி கால் வலி தெரியாமல் நடந்தார்.

இந்த வருடம் வைகாசியில் ஊர்த் திருவிழாவுக்கு நதியா வரவில்லை.

"இதாம்மா சீசனு. ஒரு நாளைக்கு மூணு எடம், நாலு எடம். லீவு குடுக்க மாட்டாங்க" என்றாள் போனில்.

"ஒக்காந்து வேல செய்றவளுக்கு இன்னாடி சீசனு?" என்றாள் சுந்தரம்மாள்.

சுந்தரம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பலாப்பழம், அஞ்சு படி சாமை அரிசி, ஒரு பாட்டில் தேன், எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டிக் கணவர் தோளில் ஏற்றினாள். "போய்ப் பாத்துட்டு வா. அவ ஆபீஸ் எப்பிடி கீதுன்னு நல்லா பாத்துட்டு வந்து எனுக்கு சொல்லு."

ஒடுகத்தூர், வேலூர், அங்கிருந்து சென்னை. மூன்று பஸ் மாறி இறங்கிய சக்கரவர்த்திக்கு முதலில் புரியாமல் போனது வெயில்தான். மலையில் வெயில் எவ்வளவு அடித்தாலும் மர நிழலுக்குப் போனால் உடம்பு ஆறும். இங்கே நிழலும் புழுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. துண்டால் துடைத்த இடம் துண்டை எடுப்பதற்குள் மறுபடி நனைந்தது. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றிலேயே ஈரம் என்று அவரைக் கூட்டிப்போக வந்த நதியா சொன்னாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் அவள் அறை. ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு ஃபேன். சக்கரவர்த்தி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏசி கம்பெனில வேல செய்ற. உன் வூட்ல ஏசி இல்லியா?"

நதியா சிரித்தாள். "மெஷின கூட மாசத் தவணைல வாங்கிடலாம்ப்பா. அத மாட்ற செலவு கீது பாரு, அது தனி. அதுக்கப்புறம் கரண்ட் பில்லு. வாடக வூட்டு சுவத்துல ஓட்ட போடவும் வுட மாட்டாங்க. எனுக்கு இந்த ஃபேன் போதும்."

பலாப்பழத்தை அறுக்கும்போது அவள் கையை அவர் கவனித்தார். விரல்களில் சின்னச் சின்ன வெட்டுக் காயம், ஆறிய தழும்பு. வலது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. சமையலில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் அவளுக்கு வேலை இருந்தது. "நீ ரெஸ்ட் எடுப்பா. மதியம் வந்துர்றேன்" என்றாள்.

"ஆபீஸ பாக்கத்தான் வந்தேன். உங்கம்மா கேப்பா. நானும் வர்றேன்."

நதியா கேஸ் அடுப்பை அணைத்தாள். பிறகு, "ஆபீஸ் இல்லப்பா. இன்னிக்கு ராயபுரத்துல ஒரு வூட்ல வேல" என்றாள்.

"வூட்ல இன்னா வேல?"

"வா. நீயே பாத்துக்கோ."

அவள் நீலச் சட்டை போட்டு, கனமான ஷூவைக் கட்டி, ஒரு இரும்புப் பெட்டியையும் சுருட்டிய தடித்த கயிற்றையும் ஸ்கூட்டியில் வைத்தாள். அப்பா பின்னால் உட்கார்ந்தார். கயிறு எதற்கு என்று வழி முழுக்க யோசித்தார். கேட்கவில்லை.

ராயபுரத்தில் அது ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். வாசலில் சரவணகுமார் காத்திருந்தார். நதியாவோடு சேர்ந்து வேலை செய்கிறவர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். "வாங்கப்பா" என்று கும்பிட்டார். மூன்றாவது மாடியில் பாண்டுரங்கன் வீடு. ரிட்டயரான கண்டக்டர். அவர் மனைவி மணியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் கிடந்தார். இந்தப் புழுக்கத்தில் முதுகு முழுக்கப் புண். டாக்டர் ஏசி போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பேப்பரில் 'இலவசமாக மாட்டித் தரப்படும்' என்று பார்த்துவிட்டு, முப்பத்தி மூன்றாயிரத்துக்கு மெஷின் வாங்கியிருந்தார் பாண்டுரங்கன். அதற்கப்புறம்தான் கடை ஆள் வந்து பார்த்து மாட்டும் செலவு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பதினைந்தாயிரத்து ஐந்நூறு.

அந்தக் கடை விற்கிற ஏசியை மாட்டித் தருவது நதியாவின் கம்பெனி. உள்ளே நுழைந்ததுமே அந்தச் சீட்டை அவர் நதியா முன்னால் நீட்டினார்.

"ஃப்ரீன்னு போட்டு இன்னாம்மா இது? மெஷின் வெலைல பாதி கேக்கறீங்க?"

"ஃப்ரீன்றது மெஷின மாட்ற கூலி மட்டும்தான் சார். பைப்பு, ஸ்டாண்டு, ஒயரு எல்லாம் தனி."

"எந்த ஊரும்மா நீ? பேச்சு எங்க ஊர்ப் பக்கம் மாதிரி கீது."

"ஒடுகத்தூருக்கு மேல சார். மலை. இது எங்கப்பா."

பாண்டுரங்கன் அப்போதுதான் சக்கரவர்த்தியை முழுசாகப் பார்த்தார். "அட, நானும் ஒடுகத்தூருதான். என் சம்சாரத்துக்கு சொந்த ஊரு அமிர்தி, காட்டுப் பக்கம். மலைலேர்ந்தா வர்ற? இன்னா, புளியா, தேனா? கீழ எறங்கி மெட்ராஸ் வரிக்கும் வந்துட்ட." அடுத்த மூச்சிலேயே நதியா பக்கம் திரும்பினார். "மலைலேர்ந்து வந்து எங்க தலையிலியே மொளகா அரைக்கிறியா நீ? வேற ஒரு ஆளு நாலாயிரத்துக்கு மாட்டித் தர்றேன்னு சொல்லிகினு கீறான்."

சக்கரவர்த்திக்குக் காது சூடானது. தன்னை நீ என்று சொன்னது அவருக்குப் புதிதில்லை. மகளை ஏமாற்றுக்காரி என்று ஒருவர் சொல்லி இதுவரை அவர் கேட்டதில்லை. மகள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தார். நதியாவின் முகம் மாறவில்லை.

"அந்தச் சீட்ட குடுங்க சார். ஒண்ணொண்ணா பாக்கலாம். தேவ இல்லாதத எடுத்துடலாம்."

அவள் அறையைச் சுற்றி நடந்தாள். சுவரைத் தட்டிக் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலும் கீழும் பார்த்தாள். ஒரு சின்னக் கருவியைப் பிளக்கில் வைத்துக் கரண்ட் பார்த்தாள். பிறகு வந்து சொன்னாள்.

"கடைக்காரரு எதிர் சுவத்துல மாட்டச் சொல்லி எழுதிக்கிறாரு. அங்க மாட்டினா ஏழு மீட்டர் காப்பர் பைப்பு வேணும். ஜன்னலுக்குப் பக்கத்து சுவத்துல மாட்டலாம். வெளில மெஷின் நேரா பின்னாடியே வரும். பெட்டியோட வர்ற மூணு மீட்டரே போதும். அம்மா மேல நேரா காத்து அடிக்காம மடக்கி வெச்சிடலாம். கரண்டு இருநூத்தி முப்பது வோல்ட்டுல ஒரே மாதிரி வருது, இந்த மெஷினுக்கு ஸ்டெபிலைசர் வேணாம். அதையும் எடுத்துடுங்க."

"சாரம் கட்ட மூவாயிரம் போட்டுக்கிறானே?"

"சாரம் வேணாம். நான் மொட்ட மாடிலேர்ந்து கயித்துல எறங்குறேன்."

சக்கரவர்த்தி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஸ்டாண்டு, போல்ட்டு, தனி ஒயரு, எர்த்து, ஓட்ட போட்ற கூலி, இது அஞ்சும் எடுக்க முடியாது. ஆறாயிரத்து நூறு ஆகும்" என்றாள் நதியா.

பாண்டுரங்கனின் குரல் இறங்கியது. ஆனாலும் விடவில்லை. "ஸ்டாண்டு எதுக்கு? ஜன்னல் மேல சன்ஷேடு கீதே. அது மேல வெச்சா போதும்னு அந்த ஆளு சொல்றான். எர்த்தும் வேணாம். இருவது வருஷமா இந்த வூட்ல எர்த்து இல்லாமதான் ஃபிரிட்ஜு ஓடுது."

நதியா பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தாள். கீழே சந்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை மேலே நீட்டி, சன்ஷேடின் ஓரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு பெரிய காரைப் பத்தை பெயர்ந்து கீழே சந்தில் விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே இருந்த கம்பி சிவப்பாகத் துரு ஏறி இருந்தது.

"இது கடல் காத்து சார். உப்பு. சாதா இரும்பு வெச்சா ரெண்டு மழைல அரிச்சிடும். வெளி மெஷின் இருவத்தஞ்சு கிலோ. கீழ கொழந்தைங்க வெளாடற சந்து. அதனாலதான் ஸ்டாண்டும் ஸ்டீல் போல்ட்டும். எர்த்து ஏன்னு சொல்றேன். இந்த ஊரு காத்துல தண்ணி ஜாஸ்தி. இந்த மெஷின் ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் தண்ணிய காத்துலேர்ந்து எறக்கும். அம்மா படுத்துகினு இருக்கறது இரும்புக் கட்டில். எங்கியாவது பைப்பு அடைச்சி தண்ணி ஒழுகி, கரண்டு லீக் ஆச்சின்னா அவங்களால எழுந்து ஓட முடியாது."

பாண்டுரங்கன் கட்டிலைப் பார்த்தார்.

"எர்த்து இல்லாம நான் மாட்ட மாட்டேன் சார். அந்த நாலாயிரத்து ஆள வெச்சே மாட்டிக்கோங்க. நான் கோச்சிக்க மாட்டேன்." அவள் பெட்டியை மூடினாள். நிஜமாகவே போகத்தான் போகிறாள் என்று சக்கரவர்த்திக்குத் தெரிந்தது. அவளுக்கு ஆறு வயதிலேயே அவர் பார்த்த முகம் அது.

பாண்டுரங்கன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆரம்பிம்மா" என்றார்.

மொட்டை மாடியில் சரவணகுமார் தூணில் கயிற்றைக் கட்டினார். நதியா இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை இறுக்கி, கொக்கியை மாட்டி, இன்னொரு கயிற்றை வேறு ஒரு தூணில் தனியாகக் கட்டினாள். சக்கரவர்த்தி அந்த முடிச்சுகளைக் கையால் இழுத்துப் பார்த்தார். முப்பது வருடமாகப் புளியமரம் ஏறுகிறவர் அவர். முடிச்சு நன்றாக இருந்தது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். கீழே சந்து ஒரு கோடு மாதிரி தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

பன்னிரண்டு வயதில் நதியா ஒரு நாள் ஓடைப் பக்கத்துப் பெரிய புளியமரத்தின் உச்சிக் கிளைக்கு ஏறிவிட்டாள். பொட்டப் பிள்ளைக்கு மரம் ஏறுகிற வேலை எதற்கு என்று இறக்கி, புளியங்குச்சியால் அடித்தவர் அவர்தான். அவள் அழவே இல்லை. அதற்காக இன்னும் இரண்டு அடி சேர்த்து அடித்தார்.

"அப்பா" என்றாள் நதியா. "ஓட்டய வெளிலேர்ந்து போடப் போறேன். உள்ளேர்ந்து போட்டா தூசி எல்லாம் அந்தம்மா மேல விழும். அப்பவும் கடைசில கொஞ்சம் உள்ள வரும். நீ கீழ போய் அவங்க மேல படாம ஒரு பெட்ஷீட்ட புடிச்சிக்கிறியா?"

அவர் தலையாட்டினார். அவள் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, திரும்பி, காலை வெளியே போட்டாள். அடுத்த நொடி அவள் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

சக்கரவர்த்தி படியிறங்கி ஓடினார்.

அறைக்குள் மணியம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஷூ இறங்கின. பிறகு நீலச் சட்டை, பிறகு நதியாவின் முகம். சுவரில் இரண்டு காலையும் அகலமாக ஊன்றி, பின்னால் சாய்ந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள். மேலேயிருந்து சரவணகுமார் இறக்கிய டிரில்லை ஒரு கையால் வாங்கினாள்.

மணியம்மாளுக்கு வாய் கொஞ்சம் கோணியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. "யாரு... அது?"

"எம் பொண்ணுங்க" என்றார் சக்கரவர்த்தி.

அதைச் சொன்னபோது தன் குரல் தனக்கே வேறு மாதிரி கேட்டது அவருக்கு. மண்டியில் ஏசி ரூம் என்று சொன்னபோதுகூட இப்படிக் கேட்கவில்லை.

பெட்ஷீட்டை இரண்டு கையிலும் உயரப் பிடித்து, அந்த அம்மாளுக்கு மேல் கூடாரம் போல விரித்து நின்றார். டிரில் சத்தம் சுவரை அதிர வைத்தது. கை கடுத்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். சுவரில் ஒரு இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது, பிறகு பொலபொலவென்று செங்கல் தூள் பெட்ஷீட்டில் விழுந்தது, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் நதியாவின் ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் தெரிந்தன. புருவம் முழுக்கத் தூசி.

"அவங்க மேல பட்டுச்சாப்பா?"

"படல. ஒரு பொட்டு கூட படல" என்றார் அவர்.

வெளி மெஷினைக் கயிற்றில் இறக்கி ஸ்டாண்டில் உட்கார வைக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அவள் உள்ளே வந்தாள். முகத்தைக்கூடக் கழுவாமல் உள் மெஷினைச் சுவரில் மாட்டினாள், மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்தாள், எர்த்துக் கம்பியைக் கீழே மண்ணில் இறக்கிவிட்டு வந்தாள், பைப்பை முறுக்கி முடுக்கினாள். ஒரு பம்பை வைத்துப் பைப்பில் இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்தாள். அதற்கே அரை மணி நேரம்.

"இத நெறைய பேரு செய்ய மாட்டாங்க. பத்து நிமிஷத்துல முடிச்சிட்டுப் போய்டுவாங்க. ரெண்டு வருஷத்துல மெஷின் வீணாப் போகும்" என்று சரவணகுமார் சக்கரவர்த்தியிடம் மெதுவாகச் சொன்னார். "நதியா அரை மணிக்குக் கொறச்சி எடுக்கவே எடுக்காது."

மதியம் ஒன்றரை மணிக்கு மெஷின் ஓடியது. ஜன்னலைச் சாத்தினார்கள். தண்ணீர் வெளியேறும் பைப்பின் முனையைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பக்கெட்டில் விட்டிருந்தாள் நதியா. கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்து, பிறகு நூல் மாதிரி இறங்கியது. சக்கரவர்த்தி குனிந்து விரலை அதில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மழையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஒரு அறைக் காற்றிலிருந்து இவ்வளவு தண்ணீரா என்று அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அறையில் இருந்த கசகசப்பு போய்விட்டது. மணியம்மாள் கண்ணை மூடியிருந்தார். பாண்டுரங்கன் குனிந்து, "எப்பிடி கீது?" என்று கேட்டார்.

"அமிர்தி காட்ல... ஒக்காந்த மாதிரி கீது" என்றார் மணியம்மாள். எட்டு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய பெரிய பேச்சு அதுதான் என்று பாண்டுரங்கன் பிறகு சொன்னார். அப்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் நான்கு டம்ளர் காபி. ஹாலில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியைத் துண்டால் தட்டி இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க" என்றார் சக்கரவர்த்தியிடம். "காலைலேர்ந்து நின்னுகினே கீறீங்க. காபி சாப்டுங்க. உங்க பொண்ணு வேலய பாத்துட்டேன். காலைல நான் பேசினத மனசுல வெச்சிக்காதீங்க."

சக்கரவர்த்தி உட்கார்ந்தார். ஒடுகத்தூர்க்காரர் வீட்டில், நாற்காலியில், அவர் உட்கார்ந்து காபி குடிப்பது அதுதான் முதல் தடவை. அதைவிட, அந்த 'ங்க'வை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். தனக்கு வந்த மரியாதை யார் வழியாக வந்தது என்று அவருக்குத் தெரியும். அவள் மூலையில் குத்துக்காலிட்டு, சிதறிய தூசியைப் பிளாஸ்டிக் பையில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மோர் குடித்தார்கள்.

"ஏம்மா சொல்லல?" என்றார் சக்கரவர்த்தி.

"நான் பொய் சொல்லலப்பா. ஏசி வேலன்னுதான் சொன்னேன். ரூம் கட்னது அம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு மீதி மோரைக் குடித்தார். "அன்னிக்கு மரத்துல ஏறினதுக்கு அடிச்சேனே. அடிச்சிருக்கக் கூடாது."

நதியா எழுந்தாள். மோர்க் காசைக் கொடுத்துவிட்டு வந்து, "ஏறுப்பா, போலாம்" என்றாள். வண்டியில் போகும்போது, அவள் ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து அவர் முழங்காலை ஒரு முறை தட்டினாள்.

மேல்கொல்லைக்கு அவர் திரும்பிய அன்று சுந்தரம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ஆபீஸ் எப்பிடி கீது?"

"ஆபீஸே இல்ல" என்றார் சக்கரவர்த்தி. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கயிறு, டிரில், சுவரில் வந்த வெளிச்சம், பக்கெட்டில் விழுந்த தண்ணீர், பாண்டுரங்கன் போட்ட நாற்காலி, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. சுந்தரம்மாளின் முகம் இறங்கியது.

"மூணு மாடி சுவத்துலியா தொங்குறா? பாத்துகினு நின்னுட்டு வந்தியா நீ? நாப்பது வூட்டுக்கும் நான் இன்னான்னு சொல்லி வெச்சிகிறேன்?"

"நீ சொன்ன வேலய எவ வேணா செய்வா. இவ செய்ற வேலய எவ செய்வா, சொல்லு."

அவள் களியைத் தட்டில் தட்டிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே மகளுக்குப் போன் போட்டாள். சக்கரவர்த்தி ஆட்டுப் பட்டியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கயிறு நல்ல கயிறா?... ரெண்டு கயிறா? எதுக்கு ரெண்டு?... சரி... மழ பேஞ்சா எறங்க மாட்ட இல்ல?... சாப்டியா?" பிறகு வெகு நேரம் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்தப் படுத்துகினு இருந்த அம்மாவுக்கு இப்ப எப்பிடி கீது?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைக் கேட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அந்த வாரம் மகளிர் குழுக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கணக்கு பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டு எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் சுந்தரம்மாள், "ஒரு நிமிஷம் ஒக்காருங்க" என்றாள்.

"எம் பொண்ணு ஏசி ரூம்ல ஒக்காந்துகினு வேல செய்றான்னு உங்ககிட்ட சொன்னேன். அது தப்பு. அவ ஒக்கார்றது இல்ல. மெட்ராஸ்ல மூணாவது மாடி, நாலாவது மாடி சுவத்துல கயிறு கட்டி எறங்கி அந்த ஏசிய மாட்றவ அவதான். அவ மாட்டினாதான் மத்தவங்க ரூம்ல ஒக்கார முடியும். அவங்கப்பா நேர்ல பாத்துட்டு வந்துகிறாரு."

குழுவில் இருந்த பச்சையம்மா கேட்டாள். "உனுக்கு பயமா இல்லியா?"

"பயமாத்தான் கீது" என்றாள் சுந்தரம்மாள். "அதுக்கோசரம் மறைக்க முடியுமா? நல்ல வேல செய்றா. சொல்லத்தான் செய்வேன்."

காந்தா பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். அவள் மகள் ரம்யா இந்த வருடம்தான் பத்தாவது முடித்திருந்தாள். "உம் பொண்ணு படிச்ச படிப்புக்கு எங்க எழுதிப் போடணும்?" என்று கேட்டாள். சுந்தரம்மாளுக்கு அது தெரியவில்லை. நதியாவின் நம்பரைச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் அதைத் தங்கள் போனிலும் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். "அடுத்த வாரம் நான் போறேன். ஆட்ட நீ பாத்துக்கோ."

"எங்க?"

"நீ மட்டும் பாத்துட்டு வந்தா போதுமா?"

திங்கட்கிழமை விடிந்ததும் அவள் புதுப் புடவை கட்டி, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். சக்கரவர்த்தி கோணியைத் தூக்கி வந்து ஏற்றிவிட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள். கண்டக்டர் வந்து, "எங்கம்மா, ஒடுகத்தூரா?" என்றார்.

"மெட்ராஸ்" என்றாள் சுந்தரம்மாள். பின் சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "எம் பொண்ணு வேல செய்றத பாக்கப் போறேன்."